மலையிலிருந்து கடலுக்கு: இரும்புத்தாது இறங்கிவரும் இருப்புப்பாதை

புனே நகரிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதை, லோணாவளாவைக் கடந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கொங்கணச் சமவெளிக்கு இறங்குகிறது. போர்காட் எனப்படும் இந்த மலைச்சரிவில் 1863ஆம் ஆண்டு முதல் புகைவண்டிகள் ஓடிவருகின்றன. சரிவின் அளவு 37க்கு 1. அதாவது 37 மீட்டர் தொலைவு செல்வதற்குள் பாதை 1 மீட்டர் இறங்கிவிடுகிறது. மலையேறும் தொடர்களுக்குக் கர்ஜத் நிலையத்தில் பின்புறம் துணை எஞ்சின்கள் சேர்க்கப்படுவதைப் பயணிகள் பலரும் கண்டிருப்பர். இறங்கிவரும் தொடர்கள் மங்கி ஹில் என்னும் இடத்தில் நின்று, பிரேக்குகள் சோதிக்கப்பட்ட பின்னரே மேற்செல்கின்றன என்பதைக் கவனித்தோர் சிலரே. மலைப்பாதையில் வண்டியை ஏற்றுவதைக் காட்டிலும் அடக்கி இறக்குவது அரிய செயல் என்பதை இந்தச் சிறு நிறுத்தம் உணர்த்துகிறது.

போர்காட்டில் இறங்குவன பெரும்பாலும் பயணிகள் தொடர்கள். ஆயிரம் டன் அளவுள்ள அத்தொடர்களுக்கே இத்துணை எச்சரிக்கை வேண்டுமெனில், நான்காயிரம் டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள தாதுத் தொடர்களை நாள்தோறும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடற்கரைக்கு இறக்குவதற்கு எத்தகைய ஏற்பாடுகள் வேண்டும்? நம் நாட்டில் அப்பணி கிழக்குத் தொடர்ச்சி மலையில் நடைபெறுகிறது. சத்தீஸ்கர் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள பைலாடிலா இரும்புச் சுரங்கங்களை விசாகப்பட்டினம் துறைமுகத்துடன் இணைக்கும் கொத்தவலசை–கிரந்துல் பாதையே அவ்விடம். பெருஞ்சுமை இருப்புப்பாதைகளின் இயல்பை அறிய விரும்புவோர்க்கு அது ஒரு சிறந்த பாடம்.

காளையின் திமில்

பஸ்தர் காடுகளின் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பைலாடிலா மலைத்தொடர், தொலைவிலிருந்து நோக்குவார்க்குக் காளையின் திமில் போலத் தோன்றும். அப்பெயரின் பொருளும் அதுவே. மலைமுகட்டில் ஹேமடைட் என்னும் உயர்தர இரும்புத்தாது அடர்ந்து கிடக்கிறது. நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்ட பங்கு இரும்பு கொண்ட இத்தாதுவை அதிகம் பக்குவப்படுத்தாமலே ஊதுலைக்கு அனுப்பலாம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் 1930களில் இம்மலையை ஆராய்ந்து, தாதுப் படிவங்களை ஒன்றுமுதல் பதினான்குவரை எண்ணிட்டனர். இன்றும் அவ்வெண்களே சுரங்கங்களின் பெயர்களாக வழங்குகின்றன.

தாது இருந்தும் நெடுங்காலம் அது பயன்படவில்லை. கடற்கரை வெகுதொலைவில் இருந்தது. இடையே காடும் மலையும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருக்குத் தொழிலைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஜப்பான், தன் நாட்டில் தாது இல்லாமையால் வெளிநாடுகளை நாடியது. இந்தியாவுடன் 1960ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பைலாடிலாவிலிருந்து ஆண்டுக்கு 40 இலட்சம் டன் தாது ஏற்றுமதி செய்யத் திட்டமிடப்பட்டது. சுரங்கப் பணியை, 1958இல் நிறுவப்பெற்ற தேசிய கனிம வளர்ச்சிக் கழகம் ஏற்றது.

நாற்பது இலட்சம் டன் என்பது எவ்வளவு? நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 டன். பத்து டன் ஏற்றும் லாரிகளில் அனுப்புவதாயின் நாள்தோறும் 1,100 லாரிகள் புறப்பட வேண்டும். அதே அளவு லாரிகள் வெறுமையாகத் திரும்ப வேண்டும். இரவும் பகலும் ஓயாமல், 80 வினாடிக்கு ஒரு லாரி வீதம் மலைச்சாலையில் செல்லவேண்டியிருக்கும். இதே எடையைச் சில புகைவண்டித் தொடர்களில் ஏற்றிவிடலாம். மேலும், உருக்குத் தண்டவாளத்தின்மீது உருளும் உருக்குச் சக்கரத்துக்கு உராய்வுத் தடை மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் எடையை நகர்த்திக்கொண்டே செல்ல ஏறத்தாழ 2 கிலோகிராம் இழுவிசை போதும். தார்ச்சாலையில் ஓடும் ரப்பர்ச் சக்கரத்துக்கு இதனைப்போல் பல மடங்கு விசை தேவை. தொலைவிலுள்ள தாது மலைகளை நாடி உலகெங்கும் இருப்புப்பாதைகளே சென்றமைக்குக் காரணம் இதுவே.

பாதை அமைந்த வரலாறு

தாது ஏற்றுமதிக்காக மூன்று பாதைகளை ஒருங்கே அமைக்கும் பணி 1960இல் தொடங்கியது. தண்டகாரண்யம், பலாங்கீர், கிரிபுரு என்னும் இடங்களின் பெயரால் அத்திட்டம் அழைக்கப்பட்டது. அவற்றுள் மிகக் கடினமானது கொத்தவலசையிலிருந்து அரக்கு, கோராபுட், ஜெய்ப்பூர், ஜகதல்பூர், தந்தேவாடா வழியாகக் கிரந்துல் செல்லும் ஏறத்தாழ 445 கிலோமீட்டர்ப் பாதை. ஒடிசா மாநிலத்தில் உள்ள ஜெய்ப்பூரையே இங்குக் குறிப்பிடுகிறோம். ஐம்பதுக்கு மேற்பட்ட குகைப்பாதைகளும் எண்பதுக்கு மேற்பட்ட பெரிய பாலங்களும் கட்டப்பட்டன. பாதை 1966ஆம் ஆண்டுக்கும் 1968ஆம் ஆண்டுக்கும் இடையே படிப்படியாகத் திறக்கப்பட்டது. பதினான்காம் எண் படிவத்தில் 1968இல் சுரங்கப் பணி தொடங்கியது. பெரிய தாதுக் கப்பல்கள் அணையத்தக்க வெளித்துறைமுகம் விசாகப்பட்டினத்தில் 1976இல் அமைந்தது. பாதை 1982ஆம் ஆண்டுக்குள் மின்மயமாக்கப்பட்டது.

இப்பாதையின் மிக உயரமான நிலையம் சிமிலிகூடா; கடல் மட்டத்துக்கு மேல் 996 மீட்டர். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் பாதை அமையும் வரையில் நாட்டின் அகலப்பாதை நிலையங்களுள் இதுவே உயர்ந்ததாக விளங்கியது. கிரந்துலில் புறப்படும் தாதுத் தொடர் முதலில் ஜகதல்பூர்ச் சமநிலத்தைக் கடந்து, பின் கோராபுட் பீடபூமிக்கு ஏறி, சிமிலிகூடாவை அடைகிறது. அங்கிருந்து கடற்கரைச் சமவெளி வரையில் 900 மீட்டருக்கு மேற்பட்ட இறக்கம். சரிவின் அளவு 60க்கு 1 வரை செல்கிறது.

நீலகிரி மலைப்பாதையில் சரிவு 12க்கு 1 என்னும் அளவை நெருங்குகிறது. ஆனால் அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல்லிட்ட சட்டமும், எஞ்சினில் பற்சக்கரமும் உண்டு. பல்லாயிரம் டன் தாதுவை அவ்வாறு இழுக்க இயலாது. ஆகையால் பெருஞ்சுமைப் பாதை அமைப்போர் சரிவையே குறைத்தாக வேண்டும். சரிவைக் குறைத்தால் பாதை நீளும்; நீண்ட பாதையை மலைக்குள் அடக்க வளைவுகளும் குகைகளும் பெருகும். அரக்கு செல்லும் பயணிகள் கண்டு மகிழும் குகைகளும் வளைவுகளும் இக்கணக்கின் விளைவாகத் தோன்றியவையே.

பாதி நிரம்பிய வண்டி

தாதுத் தொடரைக் காண்போர்க்கு ஓர் ஐயம் எழக்கூடும். திறந்த சரக்கு வண்டிகளில் தாது பாதியளவுகூட இல்லையே, ஏன் நிரப்பாமல் அனுப்புகின்றனர் என்று வினவுவர். இவ்வினாவுக்கு விடை அடர்த்தியில் உள்ளது. நம் இரயில்வேயில் 1980கள் முதல் வழங்கும் பாக்ஸ்-என் வகை வண்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 56 கன மீட்டர். ஒரு கன மீட்டர் இடத்தில் நிலக்கரித் துண்டுகள் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும். இரும்புத்தாதுவோ இரண்டரை டன் அளவு கொள்ளும். அந்த வண்டிக்கு முதலில் வகுக்கப்பட்ட சுமை ஏறத்தாழ 58 டன். நிலக்கரியாயின் வண்டி நிரம்பி வழியும். தாதுவாயின் 23 கன மீட்டர் இடமே போதும். ஆகவே தாதுவுக்கெனத் தனியே வடிவமைக்கப்படும் வண்டிகள் உயரம் குறைந்து, உறுதி மிகுந்து அமைகின்றன.

வண்டியை நிரப்பவிடாமல் தடுப்பது தண்டவாளம். வெறும் வண்டியின் எடை 22 டன்னுக்குச் சற்று மேல். சுமையோடு சேர்த்து 81 டன். நான்கு இருசுகளில் இது பகிரப்படுவதால் ஓர் இருசின்மீது ஏறத்தாழ 20.3 டன் விழுகிறது. இதனை இருசுச் சுமை என்பர். சக்கரம் ஒன்றுக்குப் பத்து டன். அச்சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடமோ சுண்டுவிரல் நகத்தளவே. அச்சிறு பரப்பில் பத்து டன்னும் அழுந்துகையில் உருக்கின் மேற்பரப்பே சற்று நெகிழ்ந்து மீள்கிறது. ஒரு தொடர் கடக்கும்போது தண்டவாளத்தின் ஒவ்வோர் இடமும் இருநூறு தடவைக்கு மேல் இவ்வாறு நெகிழ்ந்து மீள வேண்டும். பல்லாண்டுகள் இது நிகழ்ந்தால் உருக்கு களைத்துப்போகிறது; கண்ணுக்குப் புலனாகாத நுண்விரிசல்கள் உள்ளே தோன்றி வளர்கின்றன.

இருசுச் சுமையை உயர்த்தினால் ஒரே தொடரில் அதிகத் தாது செல்லும். ஆனால் தண்டவாளம், குறுக்குக் கட்டை, ஜல்லி, மண்மேடு, பாலம் ஆகிய அனைத்தும் அச்சுமையைத் தாங்கியாக வேண்டும். இந்திய இரயில்வே 2005ஆம் ஆண்டுக்குப் பின் பல பாதைகளில் இவ்வளவை 22.9 டன் வரையிலும், குறிப்பிட்ட சில பாதைகளில் 25 டன் வரையிலும் உயர்த்தியுள்ளது. இதற்காக மீட்டருக்கு 60 கிலோகிராம் எடையுள்ள தண்டவாளங்களும், முன்தகைவுற்ற கான்கிரீட் குறுக்குக் கட்டைகளும் இடப்பட்டன. இத்தகைய கணக்குகளைப் பாதைப் பொறியாளர்கள் பயிலும் இடம் புனேயில் உள்ளது. 1959இல் பாதைப் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கிய அந்நிலையம், இன்று இந்திய இரயில்வேயின் சிவில் பொறியியல் பயிற்சிக் கழகமாக வளர்ந்துள்ளது.

இறக்கத்தின் கணக்கு

இனி, சிமிலிகூடாவிலிருந்து இறங்கும் தொடரின் நிலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 58 வண்டிகள் கொண்ட தொடர் எனக் கொண்டால் எடை ஏறத்தாழ 4,700 டன். 60க்கு 1 சரிவில் ஒவ்வொரு டன் எடையும் 16.7 கிலோகிராம் விசையுடன் கீழ்நோக்கி இழுக்கப்படுகிறது. உருளும் தடை இதில் 2 கிலோகிராமை மட்டுமே ஈடுசெய்யும். மீதி 14.7 கிலோகிராம். தொடர் முழுவதற்கும் சேர்த்தால் ஏறத்தாழ 69 டன் விசை அதனை ஓயாமல் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். பிரேக் இல்லையேல் வேகம் நொடிதோறும் பெருகும்.

எதிர்த்திசையில் வெறும் வண்டிகள் ஏறிச் செல்கின்றன. அத்தொடரின் எடை 1,300 டன். அதனை இச்சரிவில் இழுக்க 24 டன் விசை போதும். ஏற்றத்தில் செல்வது இலேசான தொடர்; இறக்கத்தில் வருவது பாரமான தொடர். இது தாதுப் பாதைகளுக்கு வாய்த்த நன்மை என்று தோன்றும். எஞ்சினைப் பொறுத்தவரை அது நன்மையே. பிரேக்கைப் பொறுத்தவரை அதுவே சோதனை.

தொடர் 900 மீட்டர் இறங்குகையில் அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 11,500 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உருளும் தடைக்குப் போக மீதி 10,000 யூனிட் ஆற்றலை எவ்வாறேனும் செலவிட்டாக வேண்டும். அவ்வாற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், 1,20,000 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சக்கரத்தை அழுத்தும் பிரேக் கட்டைகள் மட்டுமே இவ்வெப்பத்தை ஏற்பதாயின் அவை தேயும். சக்கரங்கள் காய்ந்து வலுவிழக்கும். சூடேறிய கட்டையின் பிடிப்பும் குறையும். பிரேக் மிகத் தேவைப்படும் நேரத்தில் அது பயனற்றுப்போவதே மலைப்பாதையின் பெரிய ஆபத்து.

அடக்கும் முறைகள்

முற்காலத்தில் இந்திய வண்டிகளில் வெற்றிட பிரேக் இருந்தது. காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கி, வெளிக்காற்றின் அழுத்தத்தால் பிரேக்கை இயக்குவது அம்முறை. வெளிக்காற்றின் அழுத்தமோ சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் அளவே. அதற்குமேல் விசை பெற வழியில்லை. அழுத்தக் காற்று பிரேக்கில் குழாயினுள் 5 கிலோகிராம் அழுத்தம் நிலவுகிறது. அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும் வகையில் அது அமைந்திருப்பதால், இணைப்பு அறுந்து தொடர் இரண்டாகப் பிரிந்தாலும் இரு பகுதிகளும் தாமே நிற்கும். பாக்ஸ்-என் வண்டிகளுடன் இம்முறை சரக்குப் போக்குவரத்தில் பரவியது. நீண்ட, பாரமான தொடர்கள் இயன்றமைக்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

மற்றொரு முறை, எஞ்சினின் மோட்டார்களையே மின்னாக்கிகளாக மாற்றுவது. தொடர் இறங்கும்போது சக்கரங்கள் மோட்டார்களைச் சுழற்றுகின்றன; மோட்டார்கள் மின்சாரம் ஆக்குகின்றன; ஆக்கும் முயற்சியே சக்கரங்களுக்குத் தடையாகிறது. பழைய எஞ்சின்களில் இம்மின்சாரம் மின்தடைகளில் வெப்பமாக்கப்பட்டுக் காற்றில் விடப்பட்டது. மும்முனை மோட்டார்கள் கொண்ட இக்கால எஞ்சின்கள் அதனை மேல்நிலைக் கம்பிக்கே திருப்பித் தருகின்றன. அப்பொழுது அருகே மலையேறும் வெறுந்தொடர், இறங்கிவரும் தாதுவின் எடையால் பிறந்த மின்சாரத்தைக் கொண்டே ஏறலாம். எனினும் இத்தடை எஞ்சின் சக்கரங்களில் மட்டுமே செயற்படுவதால் வண்டிகளின் பிரேக்கை அறவே விலக்க இயலாது. இரண்டையும் அளவறிந்து சேர்த்துக் கையாள்வதே ஓட்டுநரின் திறமை.

இவ்விரண்டும் தவறினால்? அதற்கெனப் போர்காட் காலம் முதலே வழங்கிவரும் ஏற்பாடு பிடிகிளைப்பாதை. இறங்கும் வழியில் மேல்நோக்கி ஏறும் ஒரு கிளைப்பாதை அமைக்கப்படும். கட்டுப்பாடிழந்த வண்டி அதற்குள் திருப்பப்பட்டு, ஏற்றத்தில் வேகமிழந்து நிற்கும். இறக்கம் தந்த ஆற்றலை ஏற்றம் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

உலகின் பிற பாதைகள்

சுவீடனின் கிருனா சுரங்கத்திலிருந்து நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்குச் செல்லும் பாதை 1900களின் தொடக்கத்திலேயே அமைந்தது. அங்கும் பாரமான தொடர்கள் மலையிலிருந்து கடலுக்கு இறங்குகின்றன. இறங்கும்போது மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன. இருசுச் சுமை 30 டன். ஆப்பிரிக்காவின் மொரித்தானியாவில் 1963இல் திறக்கப்பட்ட பாதை, சகாரா மணற்காட்டின் ஊடே 700 கிலோமீட்டர் செல்கிறது. தென்னாப்பிரிக்காவின் சிஷன்–சல்டானா பாதை 861 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் இருசுச் சுமை 40 டன்னை எட்டுகிறது. அங்கு 2001ஆம் ஆண்டு ஜூன் மாதம் 682 வண்டிகளும் எட்டு எஞ்சின்களும் கொண்ட, 7 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட தொடர் ஒன்று சோதனையாக ஓட்டப்பட்டது. அப்பகுதியின் ஒரு நிறுவனம் ஓட்டுநரே இல்லாத தாதுத் தொடர்களை 2019 முதல் முழு அளவில் இயக்கிவருகிறது.

இவற்றை நம் பாதையோடு ஒப்பிடுகையில் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பில்பராப் பாதைகள் தாதுவுக்கென்றே அமைந்தவை. கிரந்துல் பாதையிலோ தாதுத் தொடர்களுக்கிடையே பயணிகள் வண்டியும் செல்கிறது. மலைவாழ் மக்கள் பலருக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்கும் செல்ல அதுவே வழி. நெடுங்காலம் ஒற்றைப் பாதையாகவே இயங்கிய இதனை இரட்டைப் பாதையாக்கும் பணி பகுதி பகுதியாக மேற்கொள்ளப்பட்டுள்ளது. 2000களின் நடுப்பகுதியில், தாதுப் பொடியை நீருடன் கலந்து கிரந்துலிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு அனுப்பும் 267 கிலோமீட்டர்க் குழாய்வழி ஒன்றும் அமைந்தது. எனினும் கட்டித் தாதுவுக்கு இருப்புப்பாதையே துணை.

தாது எடுப்பதன் பயன் கடற்கரையில் தெரிகிறது. அதன் சுமையில் ஒரு பங்கு மலையில் தங்கிவிடுகிறது. தாதுவின் செந்நிறச் சேறு மலையடிவார ஓடைகளில் கலந்து, நீரையும் வயலையும் கெடுத்ததாக அப்பகுதி மக்கள் நீண்டகாலமாக முறையிட்டு வந்துள்ளனர். பாதையின் வெற்றியை டன் கணக்கால் அளப்போர் இதனையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

காவலர் பணி

எத்துணைக் கருவிகள் வந்தபோதிலும் பெருஞ்சுமைப் பாதை மனிதர் கண்ணையும் செவியையும் நம்பியே இயங்குகிறது. தண்டவாளத்தினுள் மறைந்துள்ள விரிசலைக் கேளா ஒலி அலைகளைச் செலுத்தி, எதிரொலியால் கண்டறிகின்றனர். இரு சோதனைகளுக்கு இடைப்பட்ட நாள்களில், பாதை நெடுக நடந்து ஆணிகளையும் இணைப்புகளையும் பார்த்துவரும் ஊழியரே காவல். வளைவுகளில் சக்கர விளிம்பு வெளித்தண்டவாளத்தை உரசித் தேய்ப்பதால் அங்குக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மழைக்காலத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் சரிந்து பாதையை மூடுவதுண்டு. இரவில் விளக்குடன் சுற்றிவரும் காவலர் அதனை முன்னரே கண்டு தொடரை நிறுத்தினால் பேரிழப்புத் தவிர்க்கப்படுகிறது. சரிவில் இறங்கும் பாரத்தொடர் நினைத்த இடத்தில் நிற்காது. ஆகவே ஆபத்தை அறிவிக்கும் குறி அதற்கேற்ற தொலைவிலேயே அதனை எட்ட வேண்டும். இக்காரணத்தை அறிந்த ஊழியர் விதியைச் சுமையாகக் கருதமாட்டார்.

வகுப்பறைக்கு ஓர் ஆய்வு

ஆசிரியர்கள் இதனை எளிய முறையில் மாணவர்க்கு விளக்கலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றின் ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒரு பொம்மை வண்டி தானே உருளத் தொடங்கும் உயரத்தைக் குறித்துக்கொள்க. வண்டி உருளச் சில சென்டிமீட்டர் உயரம் தேவைப்படும். புகைவண்டிக்கு இதே பலகையில் இரண்டு மில்லிமீட்டர் உயரமே போதும் என்று கூறினால், உருக்குச் சக்கரத்தின் தன்மை மாணவர் உள்ளத்தில் பதியும்.

பின்னர் அவ்வண்டியை வெறுமையாக ஒருமுறையும், மணல் நிரப்பி ஒருமுறையும் அதே உயரத்திலிருந்து உருளவிடுக. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கீழே வரும். கீழ்முனையில் இரு ஆணிகளுக்கிடையே ஒரு ரப்பர் வளையத்தைக் கட்டி, வண்டி அதனை எவ்வளவு நீட்டி நிற்கிறது என்று அளக்கச் செய்க. வெறும் வண்டி வளையத்தைச் சிறிதே நீட்டும். மணல் வண்டி அதனினும் மிகுதியாக நீட்டும். மணலின் அளவை மாற்றி மாற்றி, எடைக்கும் நீட்சிக்கும் உள்ள தொடர்பை மாணவர்களே அட்டவணையாக எழுதலாம். அவ்வட்டவணையை முடித்த மாணவனுக்கு, பாரத்தொடர்கள் மலைமுகட்டில் நின்று பிரேக்கைச் சோதித்த பின்னரே இறங்குவதற்குரிய காரணத்தை வேறொருவர் சொல்லவேண்டிய தேவை இராது.